தலையெழுத்தா, கையெழுத்தா?

(பட்டிமன்றத் தலைப்பு: ‘இலக்கியத் துயர நாயகர்களைப் பெரிதும் வீழ்த்தியது விதியே? குணமே?’ ‘குணமே’ என்ற அணியின் நிறைவுப் பேச்சு.)

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய நடுவர் அவர்களே! ‘விதியே’ என்று வாதாடி, இந்த மண்டபத்தில் பாதிப் பேரை அழ வைத்துவிட்டு, தாங்கள் மட்டும் நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! பண்டிகை நாளும் அதுவுமாகப் பலகாரத் தட்டோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே, பிள்ளைகளே! 

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு போடு போட்டுவிட்டுப் போனார். “காலையில் எழுந்ததும் ராசிபலன் பார்க்காத வீடு இந்த ஊரில் இருக்கிறதா? பிறகு விதி இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டார். நானும் பார்க்கிறவன்தான் அம்மா. இன்றைக்குக் காலையில்கூடப் பார்த்தேன். ‘மனைவியிடம் வாக்குவாதம் தவிர்க்கவும்’ என்று போட்டிருந்தது. அது ஜோதிடம் இல்லைங்க. அது பொது அறிவு. (சிரிப்பு) அது தெரிந்தும் எட்டரை மணிக்கு வாக்குவாதம் பண்ணினேன் பாருங்க, அது கிரகம் இல்லை. அது என் குணம்! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இன்றைக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு சாதாரணத் தலைப்பு இல்லை. கிரேக்கத்து அரிஸ்டாட்டில், கிறிஸ்து பிறப்பதற்கு முன் நான்காம் நூற்றாண்டில், ‘கவிதையியல்’ என்ற நூலிலே இதைப் பேசியிருக்கிறார். யார் விழுந்தால் நமக்கு அழுகை வரும்? முழு அயோக்கியன் விழுந்தால் அழ மாட்டோம். “நல்லா வேணும்” என்போம். அப்பழுக்கில்லாத நல்லவன் காரணமே இல்லாமல் விழுந்தால், அழுகை வராது; ஆத்திரம்தான் வரும். இரண்டுக்கும் நடுவிலே ஒருத்தன் இருக்கிறான். நம்மைப் போன்றவன். நம்மைவிடக் கொஞ்சம் உயர்ந்தவன். அவன் ஒரு பிழையினாலே விழுகிறான். அவனைப் பார்க்கும்போதுதான் இரக்கமும் வருகிறது, அச்சமும் வருகிறது. ஐயோ பாவம் என்பது இரக்கம். நமக்கும் இது நடந்துவிடுமோ என்பது அச்சம்.

அந்தப் பிழைக்கு அரிஸ்டாட்டில் போட்ட கிரேக்கச் சொல் ‘ஹமார்ட்டியா’. எறிந்தது குறி தவறிப் போவதற்கு அவர்கள் சொன்ன வினையிலிருந்து வந்த சொல். இதை மனசிலே வைத்துக்கொள்ளுங்கள் நடுவர் அவர்களே. கடைசியிலே தேவைப்படும். மணி அடிப்பதற்குள் அந்த இடத்துக்கு வந்துவிடுகிறேன்!

எதிரணித் தலைவர் கர்ணனைத் தொட்டார். அதற்கு முன்னால் கிரேக்கத்து ஈடிபஸைத் தொட்டார். “பிறப்பதற்கு முன்னாலேயே, தகப்பனைக் கொல்வான், தாயை மணப்பான் என்று எழுதிவிட்டார்கள், தப்பித்து ஓடினான், ஓடிய வழியிலேயே அது நடந்தது, இதற்கு மேல் விதிக்கு என்ன சாட்சி வேண்டும்?” என்றார். நியாயமான கேள்வி. சோபாக்ளிஸ் எழுதிய அந்த நாடகத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்ப்போம்.

ஈடிபஸ் கொரிந்து நாட்டிலே வளர்கிறான். அவனை வளர்த்தவர்களையே பெற்றவர்கள் என்று நம்புகிறான். குடிபோதையிலே ஒருத்தன், “நீ இவர்கள் பெற்ற பிள்ளை இல்லை” என்று சொல்லிவிடுகிறான். சந்தேகத்தோடு டெல்ஃபி கோயிலுக்குப் போகிறான். அங்கேதான் அந்தக் குறி சொல்லப்படுகிறது. பதறிப் போய், கொரிந்துக்கே திரும்பக் கூடாது என்று ஓடுகிறான். மூன்று சாலைகள் கூடுகிற இடம். எதிரே ஒரு வண்டி. வண்டியிலே ஒரு வயதான பெரியவர். வழிவிடு என்கிறார்கள், தள்ளுகிறார்கள். பெரியவர் தார்க்கோலாலே தலையிலே அடிக்கிறார். இவன் திருப்பி அடித்த அடியிலே அவர் செத்தார். கூட வந்தவர்களையும் வெட்டினான். ஒருத்தன் மட்டும் தப்பினான்.

நடுவர் அவர்களே, நம்ம ஊர்ச் சாலையிலே தினசரி நடக்கிற ஓவர்டேக் தகராறுதான் இது! (சிரிப்பு) நான் கேட்கிறேன். ‘நீ உன் அப்பனைக் கொல்வாய்’ என்று இப்போதுதான் காதிலே கேட்டுவிட்டு வருகிறான். அவர்கள்தான் பெற்றவர்களா என்ற சந்தேகமும் தீரவில்லை. இப்படிப்பட்டவன் என்ன செய்திருக்க வேண்டும்? அப்பா வயசிலே இருக்கிற எந்த மனுஷன் மேலேயும் கை வைக்காமல் அல்லவா இருந்திருக்க வேண்டும்? அம்மா வயசிலே இருக்கிற எந்தப் பெண்ணையும் கும்பிட்டுவிட்டு அல்லவா நகர்ந்திருக்க வேண்டும்? (கைதட்டல்) கோபம் வந்தது, அடித்தான். பட்டம் வந்தது, மணந்தான். ‘கொல்வாய்’ என்று சொன்னது குறி. கொன்றது அவன் கை. உண்மை தெரிந்ததும் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறான். “இந்தத் துன்பத்தைக் கொண்டுவந்தது தெய்வம்; ஆனால் கண்ணைக் குத்தியது என் கை” என்ற கருத்திலே அவனே பேசுகிறான். அவனுக்கே கணக்குத் தெரிந்திருக்கிறது. எதிரணித் தலைவருக்குத்தான் தெரியவில்லை!

விதியா, குணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். ஒரே நிலைமையிலே இரண்டு பேரை நிறுத்திப் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரி நடந்தால், சரி, விதி. வேறுவேறு மாதிரி நடந்தால், அங்கே வேலை செய்வது குணம்.

முதல் ஜோடி, ஷேக்ஸ்பியரின் மாக்பெத். ஸ்காட்லாந்து நாட்டுத் தளபதி. போரிலே ஜெயித்துவிட்டு வருகிறான். கூடவே பாங்கோ என்று இன்னொரு தளபதி. வழியிலே மூன்று சூனியக்காரிகள். மாக்பெத்தைப் பார்த்து, “நீ அரசனாவாய்” என்கிறார்கள். பாங்கோவைப் பார்த்து, “உன் பிள்ளைகள் அரசராவார்கள்” என்கிறார்கள். இரண்டு பேருக்கும் குறி ஒரே நேரத்திலே, ஒரே வாயாலே சொல்லப்பட்டது. மாக்பெத் வீட்டுக்கு வந்த விருந்தாளியை, தூங்குகிற மன்னனை, கத்தியாலே குத்திக் கொன்றான். பாங்கோ யாரையும் கொல்லவில்லை. இத்தனைக்கும் அவர்கள் சொன்ன இன்னொரு பதவி மாக்பெத்துக்குத் தேடாமலே வந்து சேர்ந்தது. “விதி இருந்தால் அதுவே முடிசூட்டட்டும், நான் எதுவும் செய்ய வேண்டாமே” என்றுகூட ஒரு கணம் நினைத்தான். அந்த ஒரு கணம் நீண்டிருந்தால் அந்த நாடகமே இல்லை. காத்திருக்க விடாமல் அவனைத் தள்ளியது எது? ஆசை. அதற்கு எண்ணெய் ஊற்றினாள் மனைவி. மனைவி மேலே பழியைப் போட்டுத் தப்பிக்கலாம் என்று நான் நினைக்கவில்லை. வீட்டிலே நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்! (சிரிப்பு)

இரண்டாவது ஜோடிக்கு வருகிறேன். கர்ணன். இந்தப் பெயரைச் சொன்னாலே தமிழனுக்குத் தொண்டை அடைக்கும். 1964-ல் பி. ஆர். பந்துலு இயக்கி, நடிகர் திலகம் நடித்த படம் வந்தது. 2012-ல் அதை மெருகேற்றி மறுபடியும் வெளியிட்டார்கள். பேரன்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், அழுதார்கள். நானும் அழுதேன். அதிலே எனக்கு வெட்கம் இல்லை.

எதிரணித் தலைவர் கேட்டார்: “பெற்றவளே பெட்டியிலே வைத்து ஆற்றிலே விட்டாளே, அந்தப் பச்சைப் பிள்ளையிடம் என்ன குணக்குறையைக் கண்டீர்கள்?” என்று. ஒப்புக்கொள்கிறேன் ஐயா. அது விதிதான். அதிலே வாதமே இல்லை. பிறப்பு அவன் கையிலே இல்லை. தேரோட்டி வீட்டிலே வளர்ந்ததும் அவன் கையிலே இல்லை. அதற்காக இந்த உலகம் அவனை அவமானப்படுத்தியது, உலகத்தின் குற்றம். ஆனால் அவன் வளர்ந்துவிட்டானே! வில்லெடுத்துவிட்டானே! அங்க நாட்டுக்கு அரசனாகிவிட்டானே! அதற்கப்புறம்?

வியாச பாரதத்திலே அந்தச் சபையை நினைத்துப் பாருங்கள். சூதாட்டம் முடிந்தது. திரௌபதியை முடியைப் பிடித்து இழுத்து வந்தாயிற்று. பீஷ்மர் தடுக்கவில்லை. துரோணர் தடுக்கவில்லை. அந்தக் கௌரவர் கூட்டத்திலேயே ஒருத்தன் எழுந்து, “இது நியாயம் இல்லை” என்று சொன்னான். விகர்ணன். துரியோதனனின் சொந்தத் தம்பி. அவனும் அதே சோறு தின்றவன்தான். அவனுக்கும் அதே விதிதான். அந்தப் பிள்ளையை அதட்டி உட்கார வைத்தவன் யார்? கர்ணன். அவளுடைய ஆடையைக் களையச் சொன்னவன் யார்? கர்ணன். நடுவர் அவர்களே, ஒரு பெண்ணின் கண்ணீரை வேடிக்கை பார்க்கச் சொல்லி எந்த ஆறும் அவனுக்குச் சொல்லவில்லை. எந்தப் பெட்டியும் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் அவமானப்பட்டவன், அன்றைக்கு அவமானப்படுத்துகிற இடத்திலே உட்கார்ந்தான். விகர்ணனும் கர்ணனும் இருந்தது ஒரே சபை. குணம் மட்டும் இரண்டு.

அதே கர்ணன்தான், இந்திரன் வந்து கவச குண்டலத்தைக் கேட்கப் போகிறான் என்று சூரியன் முன்கூட்டியே எச்சரித்தும், கேட்டதும் அறுத்துக் கொடுத்தான். அதுவும் விதி இல்லை, குணம். அவனைக் கெடுத்ததும் குணம், நம் நெஞ்சிலே அவனை உட்கார வைத்ததும் குணம். விதி என்று சொல்லிவிட்டால் இரண்டையுமே அவனிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறீர்கள். அவன் செய்த தவறும் அவனுடையது இல்லை, அவன் செய்த கொடையும் அவனுடையது இல்லை என்று ஆகிவிடும். கர்ணனுக்கு நீங்கள் செய்கிற பெரிய அநியாயம் அதுதான்! (கைதட்டல்)

மூன்றாவது ஜோடி. கம்பனின் கும்பகருணன், வீடணன். ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒரே அண்ணன். இரண்டு பேருமே அண்ணனுக்குப் புத்தி சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதையும் அண்ணன் கேட்கவில்லை. வீடணன் அறம் இருக்கிற பக்கம் போனான். கும்பகருணன் சோறு போட்டவன் பக்கம் நின்றான். போர்க்களத்திலே தம்பி வந்து, “அண்ணா, வந்துவிடு” என்று கூப்பிடுகிறான். வந்தால் உயிர் உண்டு, அரசும் உண்டு. “நீ போ தம்பி, நான் இங்கேதான் சாக வேண்டும்” என்கிற கருத்திலே சொல்லி அவனை அனுப்பி வைக்கிறான். விழப்போகிற நேரத்திலே இராமனிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறான். ஒன்று, தம்பியைக் காப்பாற்று. இரண்டு, மூக்கில்லாத என் முகத்தை யாரும் பார்த்துச் சிரிக்கக் கூடாது. தலையைக் கடலிலே போட்டுவிடு.

இவனை வீழ்த்தியது என்ன? கெட்ட குணமா? இல்லைங்க, நல்ல குணம். நன்றி. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் அணி ‘குணமே’ என்று சொன்னவுடனே, நாயகர்களைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றுகிறோம் என்று எதிரணி நினைத்துவிட்டது. குணம் என்றால் குறை மட்டும் இல்லை. ஒரு மனிதனின் நிறையே சில சமயம் அவனைக் கீழே தள்ளிவிடும். தெரிந்தே போய் நிற்பான். அவன் சாவு அவன் தேர்ந்தெடுத்தது. அதனாலேதான் அது சாவாக முடியாமல் காவியமாக முடிகிறது.

இப்போது இந்தத் தலைப்பின் நெஞ்சுக்குழிக்கு வருகிறேன். இரண்டு பொருள்கள். ஒன்று கைக்குட்டை. ஒன்று சிலம்பு.

ஒதெல்லோ நாடகம் 1604-ல் லண்டன் அரசவையிலே நடிக்கப்பட்டதற்குக் குறிப்பு இருக்கிறது. ஒதெல்லோ வெனிஸ் நகரத்தின் தளபதி. மாவீரன். அவன் மனைவி டெஸ்டிமோனா. அவன் அவளுக்குக் கொடுத்த கைக்குட்டை ஒன்று தவறிக் கீழே விழுகிறது. அவளோடு இருக்கிற எமிலியா எடுத்துத் தன் கணவன் இயாகோவிடம் கொடுக்கிறாள். இயாகோ அதை வைத்து ஒரு கதை கட்டுகிறான். “உன் மனைவி அதைக் கேஷியோவுக்குக் கொடுத்துவிட்டாள்.” அவ்வளவுதான். ஒரு முழத் துணி. ஒரு குடும்பம் போயிற்று. கடைசி நேரத்திலே டெஸ்டிமோனா கெஞ்சுகிறாள், “அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள்” என்று. கேட்க வேண்டிய ஆளிடம், கேட்க வேண்டிய ஒரு கேள்வியை, அவள் உயிர் போகும் வரைக்கும் ஒதெல்லோ கேட்கவே இல்லை.

மதுரைக்கு வாருங்கள். பாண்டியன் நெடுஞ்செழியன். ஆடரங்கிலே ஏதோ மனவருத்தம். அரசி தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். பாண்டியன் அவளைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருக்கிறான். ‘தலைவலி’ என்று மனைவி சொன்னால் அது தலைவலி இல்லை என்று சிலப்பதிகாரக் காலத்திலேயே கணவன்மாருக்குத் தெரிந்திருக்கிறது! (சிரிப்பு) அந்த அவசரத்திலே, வாசற்படியிலே, பொற்கொல்லன் வந்து நிற்கிறான். “சிலம்பு திருடிய கள்வன் அகப்பட்டான்” என்கிறான். நின்று ஒரு வார்த்தை கேட்க நேரம் இல்லை. “அவன் கையிலே சிலம்பு இருந்தால், கொன்று, எடுத்துக்கொண்டு வாருங்கள்.” முடிந்தது தீர்ப்பு.

இத்தனைக்கும், கொல்லப்போன காவலருக்கே சந்தேகம் வருகிறது. இவன் முகம் கொலைத் தண்டனைக்கு உரிய முகமாக இல்லையே என்கிறார்கள். காவலன் பார்த்ததை மன்னன் பார்க்கவில்லை. அரசியின் சிலம்பிலே இருப்பது முத்து. கண்ணகியின் சிலம்பிலே இருப்பது மாணிக்கம். தன் வீட்டுச் சிலம்பிலே முத்துத்தான் இருக்கிறது என்பது பாண்டியனுக்குத் தெரியும். பிறகு கண்ணகியிடம் அவனேதான் சொல்கிறான். தெரிந்த அந்த ஒரு விஷயத்தை ஒருநாள் முன்னாலே யோசித்திருந்தால் கோவலன் உயிரோடு இருப்பான். மதுரை எரிந்திருக்காது.

இங்கேதான் எதிரணி அம்மையார் பெரிய வாளை உருவினார். “இளங்கோவடிகளே பதிகத்திலே மூன்று உண்மைகளைச் சொல்கிறார். அதிலே ஒன்று, ஊழ்வினை வந்தே தீரும் என்பது. ஆசிரியரே சொன்ன பிறகு நீங்கள் யார்?” என்றார். அம்மா, மூன்றிலே மூன்றாவதைச் சொன்னீர்கள். முதலாவதை ஏன் விட்டீர்கள்? அரசியலிலே பிழை செய்தவர்களுக்கு அறமே எமனாகும். இதுதானே முதல் உண்மை! எல்லாமே ஊழ் என்றால் ‘பிழை’ என்ற சொல்லுக்கு அங்கே என்ன வேலை? மழை பெய்தால் மேகம் பிழை செய்தது என்று சொல்வோமா? வேறு மாதிரி நடந்திருக்கலாம் என்று இருந்தால்தான் பிழை என்று சொல்ல முடியும். (கைதட்டல்)

சரி, ஒதெல்லோவும் பாண்டியனும் செய்த பிழை ஒன்றே. விசாரிக்காமல் தண்டித்தார்கள். உண்மை தெரிந்தபோது என்ன செய்தார்கள்? ஒதெல்லோ முதலிலே இயாகோ மேலே பாய்கிறான். ஏன் இப்படிச் செய்தான் என்று அவனைக் கேட்கச் சொல்கிறான். பிறகு, தான் நாட்டுக்குச் செய்த சேவையை நினைவுபடுத்துகிறான். தன் கதையை எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்கிறான். பிறகு கத்தியாலே குத்திக்கொள்கிறான். நான் குறை சொல்லவில்லை. உடைந்த மனசு அப்படித்தான் பேசும்.

பாண்டியன்? அந்தச் சிலம்பு உடைகிறது. மாணிக்கம் தெறிக்கிறது. ‘பொற்கொல்லனைப் பிடித்து வா’ என்று அவன் சொல்லவில்லை. அவன் சொல்லைக் கேட்ட நான் அரசனா, நானல்லவா திருடன் என்கிறான். நான் செய்த சேவை என்று ஒரு வார்த்தை இல்லை. விழுந்தான், உயிர் போயிற்று. சேரன் செங்குட்டுவன் இதைக் கேள்விப்பட்டு ஒரு கருத்துச் சொல்கிறான். செங்கோலை வளைத்தது வினை. போன உயிர் அதை நிமிர்த்திவிட்டது என்கிறான். ‘வளைத்தது வினை’ என்று இருக்கிறது பார், எங்களுக்குத்தானே சாதகம் என்று அம்மையார் புன்னகைக்கிறார். நான் மறைக்காமல் சொல்லிவிட்டேன் அம்மா. வளைத்தது வினையாகவே இருக்கட்டும். நிமிர்த்தியது யார்? அதையும் வினையா செய்தது? அது அவன் உயிர். அவன் குணம்!

நடுவர் அவர்களே, மணியிலே கை வைக்கிறீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்கள். இதுவரை புத்தகத்திலிருந்து பேசினேன். இனிமேல் என் வாழ்க்கையிலிருந்து பேசுகிறேன். இந்தக் கதையிலே நாயகன் யாரும் இல்லை. பிழை செய்தவன் மட்டும்தான் உண்டு. அது நான்தான்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தி, ஒரு கல்லூரியிலே நான் விடுதிக் காப்பாளராகவும் இருந்தேன். ஒருநாள் சாயங்காலம், உணவுக் கட்டணமாக வசூலான பணத்திலே ஆயிரத்து எண்ணூறு ரூபாய் குறைகிறது என்று சொன்னார்கள். ஒரு மாணவன் பெயரைச் சொல்லி, “அவன்தான் சார் அந்த அறைப் பக்கம் நடமாடினான்” என்றார்கள். ஏழைப் பையன். வானம் பார்த்த பூமியிலே விவசாயம் பண்ணுகிற வீடு. கூப்பிட்டேன். “நான் எடுக்கலைங்கய்யா” என்றான். அதற்கு மேல் அவனுக்குப் பேசத் தெரியவில்லை. எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிறது. வெளியூரிலே பட்டிமன்றம். மேஜையிலே நின்றபடியே, ‘விடுதியை விட்டு உடனே வெளியேற வேண்டும்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

அன்றைக்கு ராத்திரி பட்டிமன்றத் தலைப்பு என்ன தெரியுமா? சிலப்பதிகாரம். நான் கண்ணகி கட்சி. விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன பாண்டியனை அரைமணி நேரம் வறுத்தெடுத்தேன். கூட்டம் கைதட்டியது. பொன்னாடை போட்டார்கள். அந்தப் பொன்னாடையோடு நான் ஊர் திரும்பினபோது, அந்தப் பையன் தகரப் பெட்டியோடு போய்விட்டான்.

ஒன்பது நாள் கழித்து, வேறொரு கணக்குப் புத்தகத்துக்குள்ளே, ஒரு உறைக்குள்ளே, அந்த ஆயிரத்து எண்ணூறும் அப்படியே இருந்தது. யாரும் திருடவில்லை. வைத்தவர் மறந்துவிட்டார். எனக்குக் கை நடுங்கியது. உடன் வேலை பார்த்த ஒரு பெரியவர் தோளிலே தட்டி, “விடுங்க சார், அவன் தலையெழுத்து” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? மூன்று நாள் அந்த வார்த்தைக்குள்ளே போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். நாலாவது நாள் கோப்பிலே அந்த உத்தரவை எடுத்துப் பார்த்தேன். அதிலே அவன் தலையெழுத்து எங்கேயும் இல்லைங்க. கீழே இருந்தது என் கையெழுத்து! (நீண்ட கைதட்டல்)

பஸ் பிடித்து அவன் ஊருக்குப் போனேன். ஓட்டு வீடு. திண்ணையிலே அவன் அம்மா. “தம்பி எடுக்கலைம்மா. நான்தான் விசாரிக்காம தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க” என்று தெருவிலே நின்று சொன்னேன். அந்தத் தாய் என்ன சொன்னார் தெரியுமா? “எம்புள்ள எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்யா. ஊருக்குத்தான் தெரியாது. அதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டுப் போங்க” என்றார். பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் எட்டிப் பார்க்க, சத்தமாகச் சொன்னேன். என் வாழ்க்கையிலே நான் பேசின பேச்சுகளிலே உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். கைதட்டல் இல்லாத பேச்சு.

பையன் திரும்பி வந்தான். படித்தான். ஆனால் அந்தப் பருவத் தேர்வு அதற்குள்ளே முடிந்துவிட்டது. அவனுக்கு ஒரு வருஷம் போயிற்று. அந்த வருஷத்தை நான் எங்கே போய்த் தேடி அவனுக்குத் திருப்பிக் கொடுப்பேன்? பாண்டியனைப் போல விழுந்து சாக எனக்கு மனசும் இல்லை, அந்தப் பெருமையும் இல்லை. அதற்குப் பிறகு நான் பாண்டியனை எந்த மேடையிலும் வறுத்தெடுத்ததில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இதற்காகத்தான் நடுவர் அவர்களே ‘விதியே’ என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்கிறேன். விதி என்று சொன்னால் விழுந்தவனுக்கு ஆறுதல் என்று எதிரணி நினைக்கிறது. இல்லை. தள்ளினவனுக்குத்தான் அது ஆறுதல். விதி என்று ஆகிவிட்டால், அந்தத் தாயின் வீட்டு வாசலுக்குப் பஸ் ஏறிப் போக வேண்டிய ஆள் யாருமே இல்லாமல் போய்விடுவான்.

இப்போது அந்த ‘ஹமார்ட்டியா’வுக்கு வருகிறேன். குறி தவறுவது என்று சொன்னேன் அல்லவா? நம் வள்ளுவர் படைச்செருக்கு என்ற அதிகாரத்திலே, காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட, யானையைக் குறிவைத்துத் தவறிப்போன வேலை ஏந்துவதே இனிது என்கிறார். அந்தத் தவறிப்போனதற்கு அவர் போட்ட சொல் என்ன தெரியுமா? ‘பிழைத்த’. குறி தவறுவதற்குப் பிழைத்தல் என்று பெயர். கிரேக்கன் நினைத்ததும் அதுதான், தமிழன் நினைத்ததும் அதுதான். இளங்கோவின் பதிகத்திலே வருகிற சொல்லும் அதுதான். சாகும்போது பாண்டியன் தன் காவலைப் பற்றிச் சொல்கிற சொல்லும் அதுதான்.

துயர நாயகன் யார்? யானைக்குக் குறி வைத்து, தவறிப்போன வேல். முயலுக்குக் குறி வைக்கிறவனைப் பற்றிக் காவியம் எழுத மாட்டார்கள். பெரிதாகக் குறி வைத்தான், தவறினான், அதனால்தான் அழுகிறோம். வேலை எறிந்தது அவன் கை. அந்தக் கையை இல்லை என்று சொல்லி அவனைச் சின்னவனாக்கிவிடாதீர்கள்.

இன்னொன்றும் பாருங்கள். அதே ‘பிழைத்தல்’ என்ற சொல்லுக்கு உயிர் தப்பி வாழ்வது என்றும் பொருள். ‘ஆள் பிழைச்சுக்கிட்டான்’ என்கிறோம். தப்பு செய்வதற்கும் உயிர் தப்புவதற்கும் ஒரே சொல்லை வைத்த மொழி நம் மொழி. பிழைத்தவன், தன் பிழையைத் தன் பிழை என்று சொல்லிவிட்டால் பிழைத்துக்கொள்வான். இன்றைக்கு வீட்டிலே உட்கார்ந்து பார்க்கிறவர்களிலே யாராவது ஒருவருக்கு, போய் நிற்க வேண்டிய வாசல் ஒன்று இருக்கலாம். அண்ணன் வீட்டு வாசலாக இருக்கலாம். மருமகள் இருக்கிற அறை வாசலாக இருக்கலாம். நிகழ்ச்சி முடிந்ததும் போய்விடுங்கள். சத்தமாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

துயர நாயகர்களைப் பெரிதும் வீழ்த்தியது குணமே, விழுந்த பிறகும் அவர்களை உயர்த்தியது குணமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு, அமர்கிறேன்.